புறம்போக்கு பூபதி

கடற்கரையை ஒட்டிக் கொஞ்சம் புறம்போக்கு நிலம். ஊராட்சிக்குச் சொந்தம். மாடு மேய்வதைத் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லாத மணல். இதை என்ன செய்யலாம்? இந்தக் கேள்வியை எந்த ஊரில் கேட்டாலும் ஒருத்தர் முதலில் எழுந்து நிற்பார். “எனக்கு எதுவும் வேண்டாம். ஊர் நல்லா இருந்தா போதும்” என்பார். அப்போதே எல்லோரும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது உத்தமம். நியூயார்க் பக்கத்தில் கிரேவ்செண்ட் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் தடவிப் பார்க்கவில்லை.

கிரேவ்செண்டின் புறம்போக்குக்குப் பெயர் கோனி ஐலண்ட். ஆமாம், ஹாலிவுட் படங்களில் ராட்சத ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் ஹாட் டாக்குமாக வருமே, அதேதான். பெயரில் தீவு இருக்கிறது. ஆனால் தீவாக இருந்தால் போக்குவரத்துக்குச் சிரமம் என்று நடுவில் ஓடிய ஓடையில் பெரும்பகுதியை மண் கொட்டி மூடிவிட்டார்கள். பெயரை மட்டும் மூடவில்லை. அதற்கு மண் செலவு கிடையாதே!

ஊரின் ஆரம்பம் என்னவோ படுகௌரவமானது. 1643-ல் லேடி டெபோரா மூடி என்ற இங்கிலாந்துச் சீமாட்டி அங்கே வந்து இறங்கினார். சொந்த ஊரைவிட்டு லண்டனில் அதிக நாள் தங்கினார் என்பதற்காக நீதிமன்றம் கூப்பிட்டு “ஒழுங்காக வீட்டுக்குப் போம்மா” என்று உத்தரவு போட்ட அம்மணி இவர். வீட்டுக்குப் போகாமல் அமெரிக்காவுக்கே போய்விட்டார்! அங்கே மாசசூசெட்ஸ் பக்தர்களோடு ஞானஸ்நானம் பற்றித் தகராறு. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது வேதத்தில் இல்லை என்று வாதாடினார். “ஆபத்தான பெண்மணி” என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் கடிதத்தில் எழுதிவைத்தார். எந்த நூற்றாண்டிலும் கேள்வி கேட்கிற பெண்ணுக்குக் கிடைக்கிற அதே சர்டிஃபிகேட்.

அப்போது நியூயார்க் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களிடம் முறையாக சாசனம் வாங்கி, சதுரம் சதுரமாகத் தெரு போட்டு, யார் வேண்டுமானாலும் எந்த முறையிலும் கும்பிடலாம் என்று எழுதிவைத்து ஊரை அமைத்தார் மூடி. அமெரிக்கக் காலனிகளில் ஒரு பெண் தலைமையில் உண்டான ஊர். குடியேறியவர்களுக்கு வீட்டுமனை, வயல் எல்லாம் பிரித்தாயிற்று. கடலோர மணல் மிச்சம். அதில் ஒரு பெரும்பகுதியை, ‘ஊருக்குப் பொது’ என்று விட்டார்கள். இந்த இரண்டு எழுத்து ‘பொது’ பிற்பாடு பல பேருக்குச் சாப்பாடு போட்டது.

இருநூறு வருஷம் அந்த மணலை யாரும் சீந்தவில்லை. மாடுகள் போயின. சிப்பி பொறுக்குகிறவர்கள் போனார்கள். வால்ட் விட்மன் போனார். ஆமாம், மகாகவி விட்மனேதான். வாலிப வயதில் ஆளரவமில்லாத அந்தக் கரையில் குளித்துவிட்டு, இப்படியும் அப்படியுமாக ஓடி, ஹோமரையும் ஷேக்ஸ்பியரையும் அலைகளுக்கும் கடற்பறவைகளுக்கும் உரக்க ஒப்பிப்பாராம். அவரே எழுதிவைத்திருக்கிறார். கவிதை வாசிப்புக்கு இலவச அரங்கம், எழுந்து போகாத ஆடியன்ஸ். கோனி ஐலண்டில் கட்டணம் வசூலிக்கப்படாமல் நடந்த கடைசி நிகழ்ச்சி அதுதான் என்று தோன்றுகிறது.

அப்புறம் ரயில் வந்தது. 1870-களில் புரூக்ளினிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டவாளம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வியர்த்து வழிகிற நகரம் மொத்தமும் மணலில் வந்து விழுந்தது. வந்த ஜனத்துக்குப் பசித்தது, தாகமெடுத்தது, உடை மாற்ற அறை வேண்டியிருந்தது, ஊருக்குப் போய்ச் சொல்ல முடியாத வேறு சில வசதிகளும் வேண்டியிருந்தன. மாடு மேய்ந்த மணலில் ஒரு குச்சு கட்டினாலும் காசு! ஊர்க்காரர்கள் விழித்துக்கொண்டு, “நம் பொதுநிலத்தைக் கவனிக்க நல்ல மனுஷராகப் பார்த்து ஒருவரைப் போடுவோம்” என்று தீர்மானித்தார்கள். போட்டார்கள்.

ஜான் யங் மெக்கேன். அயர்லாந்தில் 1841-ல் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். தொழில் தச்சு வேலை, வீடு கட்டும் கான்ட்ராக்ட். குடிக்க மாட்டார். புகைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெதடிஸ்ட் தேவாலயத்தில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு மேற்பார்வை. இப்படிப்பட்ட உத்தமரைப் பொதுநிலக் கமிஷனராகப் போடாமல் வேறு யாரைப் போடுவது? பெண் கொடுக்கவே யோசிக்கத் தேவையில்லாத மாப்பிள்ளை. மணல் கொடுக்க என்ன யோசனை!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வந்தவுடன் மெக்கேன் நல்லதுதான் செய்தார். அதுவரை ஊரின் செல்வாக்கான குடும்பங்கள் அந்தப் பொதுநிலத்தைச் சில்லறைக் காசுக்குக் குத்தகை எடுத்து, உள்குத்தகைக்கு விட்டு உட்கார்ந்த இடத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்தன. “இது அநியாயம்” என்றார் மெக்கேன். வாடகையை ஏற்றினார். ஊர்க் கஜானாவுக்கு நிஜமாகவே வருமானம் கூடியது. ஜனங்கள் கைதட்டினார்கள். பழைய பெருச்சாளிகளை விரட்டிய பூனை என்று கொண்டாடினார்கள். பூனைக்கும் பசிக்கும் என்பது யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

மெக்கேன் முறை ரொம்ப எளிமையானது. உங்களுக்குக் கடற்கரையில் ஒரு பீர் ஹால் வைக்க ஆசை. குத்தகைக்கு நிலம் கேட்டுக் கமிஷனரிடம் போகிறீர்கள். கமிஷனர் மெக்கேன் அன்பாக விசாரிக்கிறார். “கட்டடம் யாரை வைத்துக் கட்டப் போகிறீர்கள்?” நீங்கள் புத்திசாலியாக இருந்தால் “உங்களை வைத்துத்தான்” என்று சொல்வீர்கள். கான்ட்ராக்டர் மெக்கேனுக்கு வேலை கிடைத்துவிட்டது, உங்களுக்கு நிலம் கிடைத்துவிட்டது. லஞ்சம் என்று யாராவது வாயைத் திறக்க முடியுமா? மரத்துக்கும் ஆணிக்கும் முறையாக ரசீது இருக்கிறதே!

படிப்படியாக அவர் ஊர்த் தலைவர் ஆனார். போலீஸ் தலைவர் ஆனார். சுகாதார வாரியம், தண்ணீர் வாரியம் எல்லாம் அவர் கையில். உங்கள் பீர் ஹாலில் போலீஸ்காரர் மாமூல் கேட்கிறார் என்று வையுங்கள். போலீஸ் தலைவரிடம் புகார் சொல்லலாம், மெக்கேன். அவர் கவனிக்கவில்லை என்றால் ஊர்த் தலைவரிடம் அப்பீல் போகலாம், மெக்கேன். மனம் வெறுத்து, கடையே வேண்டாம், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றால் அதற்கும் ஆள் இருக்கிறது. சிங்கிள் விண்டோ சிஸ்டம் என்பதை நம் ஊர் அரசாங்கங்கள் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி விளம்பரம் கொடுக்கின்றன.

வைரம் பதித்த பேட்ஜ், தங்கப் பூண் போட்ட கைத்தடியோடு அவர் கடற்கரையில் ரோந்து வருவார். அந்தப் பக்கம் சூதாட்ட விடுதி, இந்தப் பக்கம் விபசார விடுதி, நடுவில் சண்டே ஸ்கூல் சூப்பரின்டென்டென்ட். உறுத்தவில்லையா என்றால், இல்லை! இந்த மாதிரிக் கடற்கரைக்கு அந்த மாதிரி வீடுகள் தவிர்க்க முடியாத தேவை என்று வெளிப்படையாகவே வாதிட்டார். அவரைப் பொறுத்தவரை ஒழுக்கம் என்பது வீட்டு விலாசம் சம்பந்தப்பட்ட விஷயம். தேவாலயம் இருந்த ஷீப்ஸ்ஹெட் பேயில் இருந்தால் ஜெபம். இரண்டு மைல் தள்ளி வந்தால் வாடகை.

இந்த இடத்தில் ஆஸ்டின் கோர்பின் நுழைகிறார். பெரிய பேங்கர். 1873-ல் அவருடைய கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை. கடல் காற்று பட்டால் தேறும் என்று டாக்டர் சொல்ல, குடும்பத்தோடு கோனி ஐலண்ட் வந்தார். குழந்தை காற்று வாங்கிற்று. அப்பா காலாற நடந்து போனார். கிழக்குப் பக்கம் மைல் கணக்கில் வெற்று மணல், சதுப்பு, ஒரு குடிசை இல்லை. நீங்களும் நானுமாக இருந்தால் ‘ஆஹா, என்ன அமைதி’ என்று பெருமூச்சு விட்டிருப்போம். கோர்பின் வாங்கிவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பங்காளிகளிடமிருந்து வாங்கினார். ஊருக்குச் சொந்தமான துண்டும் வேண்டியிருந்தது. அது லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று பிற்பாடு வயிறெரிந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். கோர்பினுக்குக் கிடைத்த விலை 1,500 டாலர்! ஊர்க்கூட்டத்தில் முறைப்படி தீர்மானம் நிறைவேறி, மெக்கேன் ஆசீர்வாதத்தோடு. பழைய குடும்பங்கள் சில்லறைக்குக் குத்தகை எடுத்ததை அநியாயம் என்று சொன்ன அதே மெக்கேன்தான். குத்தகைதானே அநியாயம்? இது கிரயம்.

கோர்பின் சொந்தமாக ரயில் விட்டார். 1877-ல் மன்ஹாட்டன் பீச் ஹோட்டல் திறந்தார். புல்தரை, வாணவேடிக்கை, ஜான் ஃபிலிப் சூசாவின் பேண்டு இசை. சூசா அந்த இடத்தின் பெயரில் ஒரு அணிவகுப்பு இசையே அமைத்துக் கோர்பினுக்குச் சமர்ப்பித்தார். கண்ட கண்ட ஜனம் உள்ளே வராமலிருக்கத் தனியார் காவல். ஊர்ப் பொது நிலமாக இருந்தபோது மாடுகூட உள்ளே போக முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அதோடு விட்டாரா? 1879-ல் பத்திரிகையைக் கூப்பிட்டு, “என் ஹோட்டலில் யூதர்களுக்கு இடமில்லை” என்று அறிவித்தார். அசிங்கமான காரியம். அமெரிக்கா முழுக்க சர்ச்சை. ஆனால் வரலாறு சில சமயம் தாமதமாக வந்து நன்றாகவே சிரிக்கும். ஹோட்டலை 1911-ல் இடித்துவிட்டார்கள். இன்றைக்கு மன்ஹாட்டன் பீச் பகுதியில் யூதக் குடும்பங்கள் ஏராளம். அங்கே ஒரு தெருவுக்கு மட்டும் கோர்பின் பிளேஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. இந்த ஆள் பேரிலா நம் தெரு என்று 2007-ல் பிரச்சினை கிளம்பியது. பலகையை மாற்றினால் செலவு, ஆதார் கார்டு மாதிரி எல்லாக் காகிதத்திலும் விலாசம் மாற்ற வேண்டும். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? பலகையைத் தொடவில்லை. ‘இனி இந்தக் கோர்பின், ஆஸ்டின் கோர்பின் அல்ல, சுதந்திரப் போரில் பீரங்கி இயக்கிய வீராங்கனை மார்கரெட் கோர்பின்’ என்று தீர்மானம் போட்டுவிட்டது! ஆஸ்டினை ஒரு ஆணிகூடப் பிடுங்காமல் காலி செய்தார்கள்.

பக்கத்தில் இன்னொரு பிரம்மாண்டம், பிரைட்டன் பீச் ஹோட்டல். மனுஷர்களிடம் கிரயம் வாங்கியாயிற்று, கடலிடம் யார் வாங்குவது? அது வருஷா வருஷம் மணலை அரித்துக்கொண்டே வந்து, கடைசியில் வராந்தாவுக்கு அடியில் கைநீட்டியது. 1888 ஏப்ரலில் மொத்த ஹோட்டலையும் நெம்பித் தூக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட தட்டு வேகன்கள் மேல் உட்கார வைத்து, ஆறு ரயில் இன்ஜின்களைப் பூட்டி ஐந்நூறு அறுநூறு அடி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மெக்கேனிடம் குத்தகை கேட்காமல் அந்தக் கரையில் இடம் பிடித்த ஒரே ஆசாமி அட்லாண்டிக் சமுத்திரம்தான்.

மெக்கேனை எதிர்க்க ஆளே இல்லையா? இருந்தார்கள். பீட்டர் டில்யூ என்ற விடுதிக்காரர். அவர் மகன் ஜார்ஜ் இன்னும் சுவாரஸ்யம். பதினாலு வயதில், 1876-ல், காலி மருந்துப் பாட்டில்களில் கடல் தண்ணீரையும் காலி சுருட்டுப் பெட்டிகளில் மணலையும் நிரப்பி, ‘அசல் கோனி ஐலண்ட் தண்ணீர், அசல் கோனி ஐலண்ட் மணல்’ என்று உள்நாட்டிலிருந்து வந்த அப்பாவிகளிடம் கால் டாலருக்கு விற்ற கில்லாடிப் பையன். ஊர்ப் பொதுநிலத்தை விற்றதில் மெக்கேனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பையன் நியாயமான விலைக்கு விற்றான்.

1887-ல் மாநில சட்டமன்றம் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டது. தலைவர் அலெக்சாண்டர் பேக்கன். அப்பா டில்யூவும் மகன் டில்யூவும் துணிந்து போய் சாட்சி சொன்னார்கள். கமிட்டி கேட்டது, திகைத்தது, அறிக்கை எழுதியது, மெக்கேன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நடவடிக்கை எடுக்கப்பட்டது, டில்யூ குடும்பத்தின் மேல்! அப்பாவின் குத்தகை போயிற்று. மகனின் ரியல் எஸ்டேட் வியாபாரம் படுத்தது. விசாரணைக் கமிஷன்கள் பற்றி நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேலே போக வேண்டாம்.

சரி, தேர்தல் என்று ஒன்று வருமே, அதில் தோற்கடிக்கலாமே? மெக்கேன் தேர்தலையும் ஒரு கட்டுமான வேலையாகத்தான் பார்த்தார். ஊரில் ஆறு வார்டுகள். கேக்கைத் துண்டு போடுகிற மாதிரி கோடு இழுத்து, ஆறு துண்டின் முனையும் டவுன் ஹாலில் வந்து சேருமாறு வைத்தார். ஆகவே ஆறு வார்டின் வாக்குச்சாவடியும் ஒரே கட்டடத்தில். வாக்காளருக்கு அலைச்சல் இல்லை. எண்ணுகிறவருக்கும் இல்லை. நிற்கிற போலீஸ்காரருக்கும் இல்லை. கட்டடத்தில் ஆபீஸ் யாருடையது என்று கேட்டு நேரத்தை வீணடிக்காதீர்கள்.

1893-ல் கிரேவ்செண்டின் மொத்த ஜனத்தொகை 8,400 சொச்சம். வாக்காளர் பட்டியலில் பெயர்கள் 6,200 சொச்சம்! நியூயார்க்கில் அப்போது பெண்களுக்கு ஓட்டு கிடையாது, அது 1917-ல்தான் வந்தது. குழந்தைகளுக்கும் கிடையாது. ஆக, ஊரில் நாலில் மூன்று பேர் வயது வந்த ஆண்கள். மனைவிமார், தாய்மார், பிள்ளைகுட்டிகள் எல்லோரையும் சேர்த்தால் மிச்சம் இரண்டாயிரம் பேர்தான். இவ்வளவு பிரம்மச்சாரிகள் இருந்த ஊரில் சண்டே ஸ்கூலுக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

நீதிபதி பதவிக்கு நின்ற வில்லியம் கேனார் என்ற வக்கீல் இந்தக் கணக்கில் உட்கார்ந்துகொண்டார். பட்டியலை நகல் எடுக்க ஆள் அனுப்பினார், அடித்து விரட்டினார்கள். கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கினார். தேர்தலன்று விடிகாலையில் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு பார்வையாளர் படை ஒன்று டவுன் ஹாலுக்குப் போனது. தலைமை தாங்கிப் போனவர் யார்? ஆறு வருஷம் முன்னால் அறிக்கை எழுதிய அதே பேக்கன்! அறிக்கை எழுதியவரே உத்தரவையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்த சம்பவம் உலகத்திலேயே வேறு இருக்குமா தெரியவில்லை.

வாசலில் மெக்கேன், பின்னால் அவருடைய போலீஸ். பேக்கன் உத்தரவை நீட்டினார். தடையுத்தரவெல்லாம் இங்கே செல்லாது என்றார் மெக்கேன். சாதாரணமாகத்தான் சொன்னார், ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ போர்டு மாதிரி. வந்தவர்களில் சிலர் உதைபட்டார்கள், சிலர் லாக்கப்புக்குப் போனார்கள். இருபது வருஷமாகப் புறம்போக்கை விழுங்கியதற்குச் சிக்காத மனுஷர், அந்த ஒரு வாக்கியத்துக்குச் சிக்கினார். நிலத்தைத் தின்றால் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் பொறுமை ஜாஸ்தி. தன் பேப்பரை மதிக்காவிட்டால் பொல்லாத கோபம் வந்துவிடும்.

கேனார் ஜெயித்தார். பிற்பாடு நியூயார்க் மேயராகவும் ஆனார். மெக்கேனுக்கு 1894-ல் ஆறு வருஷம், சிங் சிங் சிறை. அதே வருஷம் கிரேவ்செண்ட் என்ற ஊரையே புரூக்ளினோடு சேர்த்துவிட்டார்கள். 1898-ல் மெக்கேன் வெளியே வந்தபோது தலைவராக இருக்க ஊரே இல்லை! நாலு வருஷத்தில் புரூக்ளினும் நியூயார்க்குக்குள் போயிருந்தது. அடுத்த வருஷம் காலமானார். ஆசாமியை எவ்வளவு திட்டினாலும் ஒன்று உறுத்துகிறது. அவர் இல்லாவிட்டால் அந்தக் கரையில் கோர்பின் வகையறாவின் வேலிதான் கடைசிவரை நீண்டிருக்கும். மேற்குப் பக்கத்தை மெக்கேன் அற்பசொற்பக் குச்சுக்காரர்களுக்கு வெட்டி வெட்டிக் கொடுத்ததால்தான் ஏழைபாழைகள் காலை நனைக்க இடம் கிடைத்தது. தர்மம் பண்ணவில்லை. சின்னத் துண்டுகளில் கமிஷன் அதிகம்.

மெக்கேன் உள்ளே போனதும் டில்யூ மகன் திரும்பி வந்தார். 1897-ல் ஸ்டீப்பிள்சேஸ் பார்க். மரக் குதிரைப் பந்தயம், பெண்களின் பாவாடையைக் காற்று தூக்கும் மேடை, வாசலில் வாயெல்லாம் பல்லாக இளிக்கும் ஒரு பிரம்மாண்ட முகம். 1907-ல் எல்லாம் எரிந்து சாம்பலாயிற்று. மறுநாள் வாசலில் டில்யூ ஒரு அறிவிப்பு வைத்தார். இதைவிடப் பெரிய பார்க் கட்டப் போகிறேன்; எரிகிற இடிபாடுகளைப் பார்க்க நுழைவுக் கட்டணம் பத்து சென்ட்! சுருட்டுப் பெட்டியில் மணல் விற்ற பையனுக்குச் சாம்பல் விற்கத் தெரியாதா என்ன.

பக்கத்தில் ட்ரீம்லேண்ட் என்று மாஜி செனட்டர் ஒருவர் கட்டிய பார்க். அதில் தினமும் ஒரு கட்டடத்துக்குத் தீ வைத்து, வீரர்கள் அணைப்பது ஒரு ஷோ. 1911-ல் நிஜத் தீ வந்தபோது மொத்தப் பார்க்கும் போய்விட்டது. பற்றிய இடம் ‘நரக வாசல்’ என்று பெயர் வைத்த படகுச் சவாரி. எரிந்த மனையை நகராட்சி வாங்கிப் போட்டது. ஒருவழியாக நிலம் மறுபடி பொதுச்சொத்து! வாங்கிய பின் என்ன செய்வது என்று யோசித்தார்கள். பல காலம் கார் நிறுத்தத்தான் உபயோகப்பட்டது.

1923-ல் நகராட்சி உருப்படியாக ஒரு காரியம் செய்தது. தனியார் வேலிகளைப் பிடுங்கி, கடலிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டிக் கரையை அகலமாக்கி, நெடுக மரப்பலகை நடைபாதை போட்டது. அப்போது ஐந்து சென்ட் கொடுத்தால் சப்வே ரயிலில் கடற்கரை. இன்னொரு ஐந்து சென்டுக்கு நேதன்ஸ் கடையில் ஹாட் டாக். கோடைக்கால ஞாயிறுகளில் லட்சக்கணக்கான ஜனம். மணல் எது, முதுகு எது என்று தெரியாத அளவுக்கு. ஜனம் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்தால் சில அதிகாரிகளுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் ஒருத்தர் வந்தார்.

ராபர்ட் மோசஸ். நியூயார்க்கின் பூங்காக் கமிஷனர். நகரம் முழுக்க மேம்பாலமும் நெடுஞ்சாலையுமாகப் போட்டுத் தள்ளியவருக்குக் கடைசிவரை கார் ஓட்டத் தெரியாது. 1938-ல் கோனி ஐலண்ட் கடற்கரை அவர் கைக்கு வந்தது. கூச்சல், ராட்டினம், கூவி விற்பது எதுவும் அவருக்கு ஆகாது. ஆரோக்கியமான தேகப்பயிற்சிதான் பிடிக்கும். ராட்டின எல்லையைச் சுருக்கினார், பக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பின, ட்ரீம்லேண்ட் எரிந்த மனையில் 1957-ல் மீன் காட்சியகம் வந்தது. மீன்கள் சத்தம் போடுவதில்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்தும். மோசஸுக்குப் பிடித்த மாதிரியான பொதுமக்கள்.

டில்யூ வாரிசுகளுக்கும் அலுத்துவிட்டது. 1964-ல் ஸ்டீப்பிள்சேஸ் மூடல். மறு வருஷம் அதை வாங்கியவர் பெயர் ஃபிரெட் டிரம்ப். ஆமாம், அவருடைய அப்பாதான். அடுக்குமாடி கட்டத் திட்டம். ஆனால் சட்டப்படி அது கேளிக்கைக்கு ஒதுக்கிய இடம், நகராட்சி மாற்றித் தர வேண்டும். யாராவது ‘பாரம்பரியம், புராதனம்’ என்று கிளம்புவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று 1966-ல் ஒரு பார்ட்டி வைத்தார். நீச்சலுடை அழகிகள், விருந்தினர்கள், அவர்கள் கையில் செங்கல்! முகப்புக் கண்ணாடியில் இளித்துக்கொண்டிருந்த அந்த முகத்தின் மேல் எல்லோரும் கல்லெறிந்து விளையாடினார்கள். பல் போயிற்று, கட்டடம் போயிற்று. நகராட்சி மட்டும் மாற்றித் தரவில்லை. சில வருஷத்தில் அதே நகராட்சி அந்தக் காலிமனையை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. லாபத்தோடு விற்றுவிட்டுப் போனார் டிரம்ப். இடித்தவருக்குக் கூலி உண்டுதானே.

நகராட்சி கையில் மறுபடி உபரி நிலம். ஒரு ராட்டின வியாபாரிக்குக் குத்தகை விட்டது. அப்புறம் அவரைக் காலி செய்யச் சொல்லி வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் பணம் கொடுத்து வெளியேற்றியது. அந்த மனையில் நிற்கும் பாராசூட் டவரை 1971-ல் ஏலம் போட்டது, ஒருத்தர்கூட கேட்கவில்லை. இடிக்கலாமென்றால் செலவு அதிகம். அப்படியே நிற்கட்டும் என்று விட்டார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம், புரூக்ளினின் ஈஃபில் கோபுரம் என்று போஸ்ட் கார்டில் போடுகிறார்கள். நகராட்சி எடுத்த முடிவுகளிலேயே அழகானது, காசில்லாததால் எடுக்காமல் விட்ட அந்த முடிவுதான்.

2000-ல் மேயர் ஜூலியானி, பக்கத்துத் தனியார் மனையில் துருப்பிடித்து நின்ற தண்டர்போல்ட் ரோலர் கோஸ்டரை ஒரு விடிகாலையில் ஆள் அனுப்பி இடித்தார். அது தப்பு என்று பின்னால் ஜூரி சொன்னது. சொல்லி என்ன, கோஸ்டர் எழுந்து வருமா? ஸ்டீப்பிள்சேஸ் மனையில் பேஸ்பால் மைதானம் வந்தது. மிச்ச நிலங்களை ஜோ சிட் என்ற ரியல் எஸ்டேட்காரர் வளைத்தார். மேயர் புளூம்பர்க் அதில் 6.9 ஏக்கரை மட்டும் 2009-ல் அவரிடமிருந்து ஊருக்காகத் திருப்பி வாங்கினார். விலை 9 கோடியே 56 லட்சம் டாலர். கோர்பினுக்கு எழுதிக் கொடுத்தபோது பொதுநிலத்தின் ரேட் என்ன என்று மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

சிட் கையில் இன்னும் நிலம் மிச்சமிருந்தது. அதில் சூதாட்ட மாளிகை கட்டலாம் என்று யோசனை சொன்னார். வேலை வாய்ப்பு, வருமானம், ஊர் முன்னேற்றம், எல்லாப் பழைய பாட்டும். இந்த முறை விதி மாறியிருந்தது. அக்கம்பக்கத்துக்காகப் பேச ஆறு பேர் கமிட்டி ஒன்று உட்கார்ந்து ஓட்டுப் போட வேண்டும். 2025 செப்டம்பரில் போட்டார்கள், பெரும்பான்மை வேண்டாம் என்றது. பட்டியலில் ஆறு பெயர். ஆறு பெயருக்கும் ஆறு நிஜ ஆட்கள் இருந்தார்கள். மெக்கேன் பார்த்திருந்தால், இவ்வளவு சிக்கனமாகவா தேர்தல் நடத்துவது என்று மனம் நொந்திருப்பார்.